சூடாயிருச்சு, ஆறட்டும்

உக்காருங்கண்ணே. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த பேட்டரிப் பெட்டி மேல சாக்கைப் போட்டுத் தர்றேன், இதுல உக்காருங்க. யாரு வீடுன்னு கேட்டீங்க? அடைக்கலம் வீடா? தென்னந்தோப்பு அடைக்கலமா? காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடப்பானே, அவனா? எதுக்குக் கேக்குறீங்க?

ஓ, பொண்ணு விஷயமா. மாப்பிள்ளைக்கு நீங்க தாய்மாமன். திருத்துறைப்பூண்டி. வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முந்தி ஊருல நாலு பேருகிட்ட விசாரிக்கலாம்னு இறங்கியிருக்கீங்க. நல்ல காரியம் பண்ணீங்கண்ணே. அதுலயும் பஸ்ஸை விட்டு இறங்கி நேரா என் கடைக்கு வந்தீங்க பாருங்க, அது நீங்க எந்தக் கோயில்லயோ செஞ்ச புண்ணியம். அந்தக் குடும்பத்தைப் பத்தி என்னை விட இந்த ஊருல யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷமா அந்தக் குடும்பத்தைத் தவிர நான் வேற எதையும் நினைச்சதில்ல.

தனக்கொடி! ஒரு டீ போடு, வெளியூர்க்காரங்க வந்திருக்காங்க.

என் வீட்டுக்காரி. முன்னாடி கடை, பின்னாடி வீடு. இங்க பேசுறது பூரா அங்க கேக்கும். கேக்கட்டும், புதுசா என்ன சொல்லப்போறேன்.

என் பேரு வைரக்கண்ணு. லாரி, டிராக்டர், வேன், எதுல ஒயரிங் போனாலும் இந்தப் பக்கம் என்கிட்டதான் கொண்டாருவாங்க. ஆனா இது என் தொழில் இல்லண்ணே. என் தொழில் லைன் வேலை. கம்பம் ஏறுறது. ஒரு கான்ட்ராக்டர்கிட்ட பதினாலு வருஷம் கம்பம் ஏறினேன். இந்தா அந்தான்னு நிரந்தரம் ஆகப்போற நேரம். அப்பத்தான் அடைக்கலம் என் தலையில மண்ணை அள்ளிப் போட்டான்.

என்ன பண்ணினான்னா, சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க. அவன் தோப்புக்குப் போற சர்வீஸ் ஒயரு ஒரு காத்துல அறுந்துச்சு. போய் ஒட்டுப் போட்டேன். ஒயரு நீளம் பத்தல, கொஞ்சம் தாழ்வாத் தொங்குச்சு. கொஞ்சம்னா, ஒரு ஆளு கையைத் தூக்கினா எட்டும். அடுத்த வாரம் வந்து இழுத்துக் கட்டிக்கலாம்னு விட்டேன். அடுத்த வாரம் வேற வேலை. அதுக்கடுத்த வாரம் எங்க குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு. மனுசனுக்கு நூறு சோலி இருக்கும்ல? அதுக்குள்ள அவன் சினை மாடு கொம்பை ஆட்டிக்கிட்டுப் போய் அந்த ஒட்டுல மாட்டிக்கிருச்சு. மாடு செத்துருச்சு. அவன் பொண்ணு, அப்ப பதினாலு வயசு, மாட்டை இழுக்கப் போயி அவளையும் தூக்கி வீசிருச்சு. வலது கையில முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. தழும்பு இப்பவும் இருக்கு. கவனமாப் பாருங்க, முழுக்கை ஜாக்கெட்டு போட்டுத்தான் மறைப்பா.

சரி, நடந்தது நடந்துபோச்சு. என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல? மாமன் மச்சான்னு பழகின தெருவு. அதை விட்டுட்டு நேரா கரண்டு ஆபீசுல மனு குடுத்துட்டான். மனுவுல என்ன எழுதியிருந்தான் தெரியுமா? "ஒயர் தாழ்வாகத் தொங்குவதை வைரக்கண்ணுவிடம் மூன்று முறை சொன்னேன்." மூணு தடவையாம்! பச்சைப் பொய். ரெண்டு தடவைதான் சொன்னான்.

மறுநாளே கான்ட்ராக்டர் என் பையைக் குடுத்து அனுப்பிட்டாரு. பதினாலு வருஷம்ணே. ஒரு மாட்டுக்காக.

அன்னைக்கு நான் முடிவு பண்ணினேன். அடிக்கக் கூடாது, வெட்டக் கூடாது, அதெல்லாம் ஒரு நாள்ல முடிஞ்சு போற சமாச்சாரம். இவன் ஒரு நாள் என்கிட்ட வந்து நிப்பான். இல்லேன்னு சொல்ல முடியாத ஒண்ணுக்காக வந்து நிப்பான். அப்ப இல்லேன்னு சொல்லணும். அதுக்காக ஏழு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்.

வந்துச்சு. புயல் வந்துச்சு.

உங்க பக்கமும் அடிச்சிருக்குமே, சொல்லவா வேணும். எங்க ஊருல தென்னை ஒண்ணு பாக்கி இல்ல. கரண்டுக் கம்பம் ஒண்ணு நிக்கல. முப்பது நாளாகும்னு சொல்லிட்டாங்க. மேல்நிலைத் தொட்டி ரெண்டே நாள்ல காலி. குடிக்கத் தண்ணி வேணும்னா மூணு கிலோமீட்டர் நடந்து கொடிவயல் அடிபம்புக்குப் போகணும், அங்க அரை நாள் நிக்கணும். அடைக்கலம் தோப்புல மரம் சாய்ஞ்சு அவன் இடுப்புலயும் தொடையிலயும் விழுந்துச்சு. எழுந்திரிக்க முடியாமக் கிடந்தான். எனக்குச் சேதி வந்தப்ப நான் சாமிக்கு ஒரு கற்பூரம் ஏத்தினேன், பொய் சொல்லல.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. தெரு முனையில, இந்தக் கடைக்கு எதுத்தாப்புல, பஞ்சாயத்து போர்வெல் இருக்கு. ஒரு எச்.பி. மோட்டர். என் மச்சினன் லாரி அந்த போருக்குப் பக்கத்துலயே மரங்க நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. கடையில ஒரு கல்யாண மண்டபத்து இன்வெர்ட்டர் ரிப்பேருக்கு வந்து கிடக்குது. வீட்டுல ஃபேனு லைட்டுக்கு வைக்கிற சின்னது இல்ல, மூவாயிரத்து ஐந்நூறு வி.ஏ., இருபத்துநாலு வோல்ட். லாரியும் இருபத்துநாலு வோல்ட். கோத்தாப் போதும்.

கோக்கறதுலதாண்ணே வித்தை. ஆயிரம் வாட்டு மோட்டருக்கு ஆயிரம் வாட்டு இன்வெர்ட்டர் போதும்னு நினைக்கிறவன் முட்டாள். மோட்டர் ஓடுறப்பத்தான் ஆயிரம் வாட்டு. கிளம்புறப்ப நாலு மடங்கு, அஞ்சு மடங்கு இழுக்கும். படுத்த எருமை எழுந்திரிக்கிற மாதிரி, ஒரு உந்து உந்தும். அதைத் தாங்கணும். அப்புறம் ஒயரு. இருபத்துநாலு வோல்ட்டுலேர்ந்து ஆயிரம் வாட்டு எடுக்கணும்னா அம்பது ஆம்பியருக்குக் கொறையாது. அவ்வளவும் பேட்டரியிலேர்ந்து வர்ற ரெண்டு ஒயருலதான் வரணும். அந்த ஒயரு கட்டைவிரல் தண்டி இருக்கணும், ஒரு கை நீளத்துக்கு மேல போகக் கூடாது. பிளஸ் பக்கத்துல, பேட்டரியை ஒட்டி, ஒரு ஃபியூஸ். முனையெல்லாம் நட்டுப் போட்டு இறுக்கணும், சும்மா சுத்தி விடக் கூடாது. லாரி ஓடிக்கிட்டே இருக்கணும், புகை ஆளுங்க பக்கம் வராம பாத்துக்கணும். எல்லாத்துக்கும் முந்தி, மோட்டருக்கு வர்ற பழைய லைனை அத்து விடணும். ஏன்? நாம இங்க குடுக்கிற கரண்டு பின்னாடியே லைன்ல ஏறிச்சுன்னா எங்கயோ கம்பம் நடுற எவனோ ஒருத்தன் செத்துருவான். பதினாலு வருஷம் கம்பம் ஏறினவன், எனக்கு அது தெரியாதா?

எல்லாம் சுத்தமா செஞ்சேன். லாரியை ஸ்டார்ட் பண்ணி, சுவிட்சைப் போட்டேன். இன்வெர்ட்டர் ஒரு முனகு முனகுச்சு. அப்புறம் குழாயில தண்ணி வந்துச்சுண்ணே! தெருவே அழுதுச்சு. ஒரு கிழவரு வந்து என் காலைத் தொட்டாரு. ஆளாளுக்கு டீசல் கொண்டாந்தாங்க, ஒரு பீப்பாயில ஊத்தி லாரிகிட்டயே வச்சேன். நான் ஒருத்தன்கிட்டயும் காசு வாங்கல. எல்லாருக்கும் தண்ணின்னேன். மனசுக்குள்ள, ஒரு வீட்டைத் தவிர.

அன்னைக்கு மத்தியானமே வந்துட்டா, அடைக்கலம் பொண்டாட்டி சிவபாக்கியம். ரெண்டு குடத்தோட வரிசையில நிக்கிறா. நான் பாக்காத மாதிரி இருந்தேன். அவ முறை வந்து, குடத்தைக் குழாய்க்கு அடியில வச்சா. டப்புன்னு சுவிட்சை அணைச்சேன்.

"என்ன அண்ணே?"ன்னா.

"இன்வெர்ட்டர் சூடாயிருச்சு. ஆறட்டும்"னேன்.

அவ ஒதுங்கி நின்னா. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போட்டேன். அடுத்த ஆளு புடிச்சா, அதுக்கடுத்த ஆளு புடிச்சா. திரும்ப இவ குடத்தை வச்சா. திரும்ப அணைச்சேன். "சூடாயிருச்சு, ஆறட்டும்."

மூணாவது தடவை அவளுக்குப் புரிஞ்சு போச்சு. குடத்தைக் கவுத்து இடுப்புல வச்சுக்கிட்டுப் போனா. அந்த வெறுங்குடம் போன சத்தம், அடடா! எனக்கு அதை விட நல்ல சத்தம் வேற கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அவ குடத்துல பாதியை ஊத்தப் போனா. கூப்பிட்டுச் சொன்னேன். "இந்தத் தண்ணி அந்த வீட்டுக்குப் போச்சுன்னா, போற வீட்டுக்கு நாளையிலேர்ந்து தண்ணி கிடையாது." அப்புறம் ஒருத்தி குனியல. எல்லாருக்கும் பிள்ளை குட்டி இருக்குல்ல.

என் வீட்டுக்காரி மட்டும் அன்னைக்குச் சாயந்திரம் கேட்டா. "படுத்துக் கிடக்கிற மனுசன் வாய்க்குத் தண்ணி இல்லேங்கிறீங்களே, நல்லாவா இருக்கு?"ன்னா. "என் பதினாலு வருஷப் பொழைப்புல மண்ணு விழுந்துச்சே, அது நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்டேன். அதோட அவ என்கிட்ட அதைப் பத்திப் பேசுறதை விட்டுட்டா. வேற எதைப் பத்தியும் அதிகமா பேசுறதில்லைன்னு வைங்க. வயசாயிருச்சுல்ல.

அந்தப் பொண்ணு, பூங்கோதை, நீங்க பாக்க வந்திருக்கிற பொண்ணு, அப்ப இருபத்தொண்ணு வயசு. கரண்டுப் படிப்பு பாலிடெக்னிக்குல படிச்சுட்டு வந்திருந்தா. கையைச் சுட்ட கரண்டையே போய்ப் படிச்சிருக்கா பாருங்க, எப்பேர்ப்பட்ட வீம்பு. தெனம் விடியறதுக்குள்ள சைக்கிள்ல நாலு குடத்தைக் கட்டிக்கிட்டு கொடிவயல் போவா. பத்து மணிக்கு என் லாரியைத் தாண்டித்தான் திரும்பி வரணும். தண்ணி நெறைய விழுந்துக்கிட்டிருக்கிற குழாயைத் தாண்டி, தளும்பத் தளும்ப உருட்டிக்கிட்டுப் போவா. நான் அந்த நேரத்துக்குன்னே வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். ஒரு நாளாவது திரும்பிப் பாப்பாளா, கெஞ்சுவாளான்னு. ம்ஹும். நெஞ்சழுத்தம்ணே. அதைக் குறிச்சு வச்சுக்கங்க.

அஞ்சாம் நாள் என் பேரு பக்கத்து ஊரு வரைக்கும் போயிருச்சு. பிரசிடெண்டு வந்து துண்டு போத்தினாரு. வெளியூரு ஆளுங்கல்லாம் சாப்பாடு போட வந்திருந்தாங்க, மாவு அரைக்க வழியில்ல, பெரிய கிரைண்டர் இருக்கு, ஒன்றரை எச்.பி., இதுல ஓட்டித் தர முடியுமான்னு கேட்டாங்க. அத்தனை பேரு முன்னாடி முடியாதுன்னா சொல்வேன்? கொண்டாங்கன்னேன்.

அதோட, இன்வெர்ட்டரு லாரிக்கு அந்தப் பக்கம் மறைஞ்சு கிடந்துச்சு, வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியல. அதை எடுத்து முன்னாடி ஒரு பெஞ்சு மேல வச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ஒரு மாலையும் போட்டேன். பேட்டரி லாரியிலேயே இருக்கு, இன்வெர்ட்டர் பதினஞ்சு அடி தள்ளி வந்துருச்சு. அவ்வளவு நீளத்துக்குத் தண்டி ஒயரு என்கிட்ட இல்ல. வீட்டு ஒயரிங்குக்குப் போடுற சின்ன ஒயரை மூணு பிரியாச் சேத்து முறுக்கி விட்டேன். மோட்டரையும் கிரைண்டரையும் சேத்துப் போட்டா ஃபியூஸ் போகுது. ரெண்டு தடவை போச்சு. மூணாவது தடவை ஒரு செம்புக் கம்பியை வச்சுக் கட்டினேன். ஓடுச்சு. நல்லாத்தான் ஓடுச்சு.

அப்ப வந்தா அந்தப் பொண்ணு. சைக்கிளை நிறுத்திட்டு வந்தா. நான் நினைச்சேன், ஆகா, வந்துட்டாடா, கெஞ்சப் போறான்னு. ஏழு வருஷம்ல?

அவ என்னைப் பாக்கல. கீழ ஒயரைப் பாத்தா. குனிஞ்சு புறங்கையால தொட்டுப் பாத்தா. அந்தத் தழும்புக் கையால.

"மாமா, இந்த ஒயரு பத்தாது. கொதிக்குது. தொட்டுப் பாருங்க"ன்னா.

மாமாவாம்.

"ரெண்டு மோட்டரும் சேந்து இழுத்தா நூறு ஆம்பியருக்கு மேல வரும். ஃபியூஸ்லயும் கம்பியைக் கட்டியிருக்கீங்க. புடிச்சா அணையாது மாமா. டீசல் பீப்பாய் வேற பக்கத்துலயே இருக்கு. இன்வெர்ட்டரை பேட்டரிகிட்டயே வச்சிருங்க, ஒண்ணு நிறுத்திட்டு ஒண்ணு ஓட்டுங்க."

எப்படி இருக்கும் எனக்கு? முப்பது நாப்பது பேரு நிக்கிறாங்க. பிரசிடெண்டு போத்தின துண்டு தோள்ல கிடக்குது. "நீ பொறந்தப்பவே கம்பம் ஏறினவன்டி நான். யாரு வீட்டுப் புள்ள யாருக்குச் சொல்லித் தர்றது? உங்கப்பன் வாயாலதான் என் பொழைப்புப் போச்சு, நீ வேற வந்துட்டியா வாயைத் தொறக்க? போடி"ன்னேன்.

போயிட்டா. போறப்ப வரிசையில நின்ன பொம்பளைங்ககிட்ட, "பிள்ளைங்களை பீப்பாய்கிட்ட நிக்க விடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனா.

மறுநாள் காலையில பத்து மணிக்கு எரிஞ்சுச்சு.

பாத்தீங்களா? முந்தின நாள் வந்து சொல்றா, மறுநாள் அப்படியே நடக்குது. கருநாக்குண்ணே அது! சாதாரண கருநாக்கு இல்ல. ஒயரு, ஃபியூஸு, பீப்பாய்னு ஒவ்வொண்ணா எடம் காட்டிச் சொல்லிட்டுப் போயிருக்கா. இந்த நாக்கை நம்பி உங்க வீட்டுக்குள்ள எப்படி விடுவீங்க? நாளைக்கு உங்க மாப்பிள்ளையைப் பாத்து வண்டியில பிரேக்கு சரியில்லன்னு சொல்லிட்டான்னா?

எரிஞ்சது எப்படின்னா, முதல்ல ரப்பர் கருகுற நாத்தம். நான் கிரைண்டர்க்காரன்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். திரும்பிப் பாக்குறேன், ஒயரு பதினஞ்சு அடிக்கும் திரி மாதிரி புகையுது. லாரிப் பக்கம் நெருப்பு. ஃபியூஸ் போயிருந்தா நின்னிருக்கும். கம்பி கட்டினதால, நிக்கல. நான் ஓடிப்போய் ஒயரைக் கையாலயே புடிச்சு இழுத்தேன். ரெண்டு உள்ளங்கையும் ஒட்டிக்கிச்சு. தோலு ஒயரோட போயிருச்சு. வலியில உக்காந்துட்டேன். ஒரே கூச்சல். வரிசையில இருந்த ஒருத்தன் குடத்துத் தண்ணியைத் தூக்கிட்டு ஓடி வர்றான் ஊத்த. பீப்பாய்க்கும் நெருப்புக்கும் நாலு அடி. தனக்கொடி பீப்பாய்க்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு நிக்கிறா, லாரிக்கும் செவுத்துக்கும் நடுவுல. அவ வெளிய வரணும்னா நெருப்பைத் தாண்டித்தான் வரணும்.

அப்ப சைக்கிள் விழுந்த சத்தம். நாலு குடமும் உருண்டு தண்ணி பூரா மண்ணுல போச்சு. அவதான். "தண்ணி ஊத்தாதீங்க! மண்ணு! மண்ணை அள்ளிப் போடுங்க!"ன்னு கத்திக்கிட்டே வந்தா. "லாரியை நிறுத்து!"ன்னா. ஒருத்தன் ஏறி நிறுத்தினான். லாரி நின்னாலும் பேட்டரி விடுமா? அவ ஒரு மரமேறியோட அரிவாளைப் புடுங்கி, துப்பட்டாவைக் கையில சுத்திக்கிட்டு, பேட்டரிப் பெட்டியைத் தொறந்து, ஒயரை அடியோட ஒரே வெட்டு. பொறி பறந்துச்சு. நெருப்புக்குத் தீனி நின்னு போச்சு. அப்புறம் மண்ணைப் போட்டு அமுக்கிட்டாங்க. தனக்கொடியைக் கையைப் புடிச்சு வெளிய கூட்டியாந்தா.

கேக்குறேன், யாரைக் கேட்டு வெட்டினா? என் மச்சினன் லாரி. என் ஒயரு. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டாளா, மாமா வெட்டட்டுமான்னு? நான் அங்கதானே உக்காந்திருக்கேன்?

ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டு என்னை வீட்டுல படுக்க வச்சுட்டாங்க. சரி, தண்ணி நின்னு போச்சு, இப்ப தெருவே என் அருமையை நினைக்கும்னு படுத்திருக்கேன். மறுநாள் காலையில லாரி ஸ்டார்ட் ஆகுற சத்தம் கேக்குது. எந்திரிச்சு ஜன்னல் வழியாப் பாக்குறேன். அவ! என் லாரி மேல, என் இன்வெர்ட்டரை பேட்டரி ஓரமாவே திரும்ப வச்சு, கட்டைவிரல் தண்டி ஒயரு, புது ஃபியூஸு, எல்லாம் போட்டு ஓட்டுறா. அந்த ஒயரும் ஃபியூஸும் கடையில பரண் மேல நான் வச்சிருந்தது. எனக்கும் இன்னொரு ஆளுக்கும்தான் அந்த இடம் தெரியும். அந்த இன்னொரு ஆளு பின்னாடி இப்ப டீ போட்டுக்கிட்டிருக்கு. என் வீட்டுக்குள்ளயே எனக்குத் துரோகம்ணே.

லாரிக் கதவுல சாக்பீஸ்ல எழுதிப் போட்டா: "ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். மோட்டர் ஓடும்போது கிரைண்டர் கிடையாது." பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒயரைப் புறங்கையால தொட்டுப் பாப்பா. அரை மணி ஓட்டினா கொஞ்ச நேரம் நிறுத்துவா. நிஜமாவே ஆற விடுவா. பதினெட்டு நாள், கரண்டு வர்ற வரைக்கும். அவ வீட்டுக்குத் தண்ணி தராம தலையைத் திருப்பிக்கிட்ட அத்தனை பொம்பளைங்களுக்கும் குடுத்தா. ஒருத்தி குடத்தையும் தள்ளி வைக்கல. கிறுக்கச்சி.

இருங்க, இதுக்கு மேலதான் விஷயமே இருக்கு. தெனம் காலையில மோட்டரைப் போட்டதும் வர்ற முதல் குடம் யாரு வீட்டுக்குப் போச்சு சொல்லுங்க? பிரசிடெண்டு வீட்டுக்கா? அவ வீட்டுக்கா? இல்லண்ணே. என் வீட்டுக்கு. வரிசையில அத்தனை பேரும் பாத்துக்கிட்டு நிக்கிறப்ப, அவளே இடுப்புல தூக்கிட்டு வந்து வாசப்படியில வச்சுட்டு, "அத்தை, தண்ணி"ன்னு ஒரு குரல் குடுத்துட்டுப் போவா. பதினெட்டு நாளும். ஏன்? என்னை அசிங்கப்படுத்தத்தான்! வேற எதுக்கு? நான் என்ன செஞ்சேன், மூணு தடவை சுவிட்சை அணைச்சேன். அவ என்ன செஞ்சா, பதினெட்டு நாள் ஊரு பாக்க என் தொண்டையில தண்ணியை ஊத்தினா. கையில கட்டு, குடத்தைக் கூட நானாத் தூக்கிக் குடிக்க முடியாது. தனக்கொடி டம்ளரை வாயில வைப்பா. குடிச்சுத்தான் ஆகணும். நீங்களே நாயம் சொல்லுங்க, யாரு பழி பெரிசு?

அதான், நாலு வருஷமா கணக்குத் தீக்க உக்காந்திருக்கேன். இந்தக் கடை பஸ் நிக்கிற இடத்துல இருக்கு. விசாரிக்க வர்றவங்க இங்கதான் முதல்ல கேப்பாங்க. ரெண்டு இடம் வந்துச்சு. மன்னார்குடிப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு, அறந்தாங்கியிலேர்ந்து ஒண்ணு. மன்னார்குடிக்காரங்ககிட்ட கையில தழும்புன்னு மட்டும் சொன்னேன். அறந்தாங்கிக்காரங்ககிட்ட கருநாக்குன்னு மட்டும் சொன்னேன். அதுக்கு மேல அவங்க உக்காரக்கூட இல்ல, அடுத்த பஸ்ஸைப் புடிச்சுட்டாங்க. அந்தச் சேதி போன மறுநாள் அடைக்கலம் தடியை ஊணிக்கிட்டு இந்த வழியா போனான். தலை நிமிரல. வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சுண்ணே எனக்கு. பொண்ணு திருச்சியில ஒரு மோட்டர் கம்பெனியில வேலையில இருக்கா, நல்ல வேலைதான். இருந்து என்ன? வயசு இருபத்தஞ்சு. இன்னும் நாலு இடம் இப்படித் திரும்பினா போதும்.

உங்ககிட்டதான் முதல் தடவையா முழுசாச் சொல்லியிருக்கேன். நீங்க நடுவுல பேசாம கேட்டீங்க. பெரிய மனுசன். ஒருத்தர் இப்படி உக்காந்து கேட்டு எவ்வளவு நாளாச்சு. சொல்லச் சொல்ல வந்துக்கிட்டே இருந்துச்சு.

என்ன கேட்டீங்க? நானா? அந்தப் பொண்ணுகிட்டயா? இல்லண்ணே, ஒண்ணும் சொல்லல. அன்னைக்கும் சொல்லல, அதுக்கப்புறமும் சொல்லல. என்ன சொல்றது? வீட்டுக்காரியைக் காப்பாத்தினதுக்கா? அதை வீட்டுக்காரி சொல்லியிருப்பா. கையா? கையி ஆறிப்போச்சு. இந்தா பாருங்க. விரலை முழுசா மடக்க வராது, அவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவர் புடிக்கலாம். அவ கையும் இப்படித்தான் இருக்குமான்னு கேக்குறீங்களா? அது எப்படி எனக்குத் தெரியும்? நான் பாத்ததில்ல. கிட்டப் போய்ப் பாத்ததில்ல.

இந்தா டீ வந்துருச்சு. குடிங்க. தனக்கொடி, அண்ணனுக்குக் குடு. திருத்துறைப்பூண்டிக்கு அடுத்த பஸ்ஸு பன்னெண்டே காலுக்கு, நிதானமாக் குடிக்கலாம்.

என்னண்ணே எழுந்திரிச்சுட்டீங்க?

தனக்கொடி, நீ எங்க கிளம்பற? புடவையை மாத்திக்கிட்டு வந்திருக்க? என்னது? நீ கூட்டிட்டுப் போறியா? எங்க? ஏய், அந்த வீட்டுக்கா? பதினோரு வருஷமா நம்ம வீட்டு ஆளு அந்தப் படி மிதிச்சதில்லடி! உன்னைத்தான் கேக்குறேன், நில்லு! அந்தப் பொண்ணு ஊருக்கு வந்திருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்? தெனம் போன்ல பேசுறியா? எத்தனை வருஷமா?

அண்ணே, நீங்களாவது நில்லுங்க. இவ பேச்சைக் கேக்காதீங்க. இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேனே, ஒண்ணு விடாமச் சொன்னேனே, எல்லாத்தையும் கேட்டீங்கள்ல?

கேட்டுட்டுத்தான் போறீங்களா?